எர்லி பேர்டுக்கு 26 மீட்டர் டிஷ், நம் மாடிக்கு 60 செ.மீ.!

கே: 1965-ல் போன ‘எர்லி பேர்ட்’தான் புவிநிலைப் பாதையில் (பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் பாதை) நின்ற முதல் வணிகத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளாம். அதன் சிக்னலை வாங்க இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் 26 மீட்டர் டிஷ் தேவைப்பட்டதாம். எங்கள் மாடியில் 60 செ.மீ. டிஷ்ஷே போதுகிறதே, எப்படி?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

ப: வித்தியாசம் கீழே இல்லை, மேலே. எர்லி பேர்ட் 72 செ.மீ. குறுக்களவும் 59 செ.மீ. உயரமும் கொண்ட உருளை. நம்மூர் தண்ணீர் டிரம்மைவிடக் கொஞ்சம் தடி, ஆனால் குட்டை. எடை 40 கிலோகூட இல்லை. அலை அனுப்பும் குழாயின் திறன் 6 வாட். வீட்டு எல்இடி பல்பே 9 வாட்!

அந்த 6 வாட்டிலும் பெரும்பகுதி வீண். நிலை தவறாமலிருக்க உருளை பம்பரம்போலச் சுழன்றது, ஆன்டெனாவும் கூடவே சுழன்றது. அதனால் 360 டிகிரிக்கும் அலையை வீசியாக வேண்டும். செயற்கைக்கோள் நிற்கும் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் பூமியின் அகலம் சுமார் 17 டிகிரிதான். இருபதில் ஒரு பங்கு பூமிக்கு, மீதி வெட்டவெளிக்கு. அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் தரையில் அத்தனை பெரிய டிஷ். அப்படியும் ஒரே சமயத்தில் 240 தொலைபேசிப் பேச்சு, அல்லது ஒரே ஒரு டி.வி. சேனல்.

இன்று நீங்கள் டிடி ஃப்ரீ டிஷ் பார்க்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளின் எடை 3 டன்னுக்கு மேல். அதன் ஆன்டெனா சுழலாது, இந்தியாவையே பார்த்து நிற்கும். அலை வெட்டவெளிக்கு வீணாகாததால் சின்ன டிஷ்ஷே போதுகிறது. அது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு மேலே இருப்பதால், உங்கள் ஊரில் டிஷ் வடக்கிலிருந்து வலஞ்சுற்றாக 122 டிகிரியை, அதாவது தென்கிழக்கை, தரைமட்டத்திலிருந்து 67 டிகிரி ஏற்றத்தில் பார்க்க வேண்டும். முதலில் தூக்குக்குண்டு விட்டுக் கம்பம் நெட்டுக்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் எந்த அளவும் பொருந்தாது. திசைகாட்டியை இரும்புக் கம்பத்தருகே வைக்காதீர்கள், முள் விலகும். ஒரு டிகிரி பிசகினாலும் வெயிலில் படம் வரும். இடவப்பாதி மழை வலுத்தால் முதலில் போவது உங்கள் வீட்டுப் படம்தான்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் காலை 11 மணியை ஒட்டிப் படம் சில நிமிடம் போனால் மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. டிஷ்ஷைத் தொடாதீர்கள், தானே சரியாகும்.

கே: ராக்கெட்டே 36,000 கி.மீ. வரை கொண்டுபோய் விடுமா?
— வாசகர், சூளூர்பேட்டை

ப: பெரும்பாலும் இல்லை. நீள்வட்டப் பாதையில் விட்டுவிட்டு ராக்கெட்டின் வேலை முடிந்துவிடும். உச்சிக்குப் போனதும் செயற்கைக்கோள் தன் மோட்டாரை எரித்துப் பாதையை வட்டமாக்கிக்கொள்ளும். எர்லி பேர்டிலும் இதுதான். ஏவும்போது இருந்த எடையில் கிட்டத்தட்ட பாதி அந்த மோட்டாருக்கே போயிற்று. நிலநடுக்கோட்டுக்குச் சாய்வாக இருக்கும் பாதையையும் நிமிர்த்த வேண்டும். ஏவுதளம் நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு எரிபொருள் மிச்சம். எர்லி பேர்ட் கிளம்பிய அமெரிக்காவின் ஃபுளோரிடா தளம் வட அட்சரேகை 28 டிகிரியில்; உங்கள் ஸ்ரீஹரிகோட்டா 13.7-ல்.