அரண்மனை ஆசிரியர்களின் பழைய படங்களில் முகம் இறுகிக் கண் வெளிறியிருப்பது ஏன்?

விக்டோரியா அரசியின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்கள் படங்களில் கடுகடுவென்று தெரிவதற்குக் குணம் காரணமில்லை, அந்நாளில் படமெடுக்கப் பயன்பட்ட ஈரத்தகடு முறைதான் காரணம்.

இளவரசர் எட்வர்டுக்கு ஃபிரெடெரிக் கிப்ஸ் ஆசிரியராக இருந்தது 1852–58. அதற்குச் சற்று முன், 1851இல்தான் ஆங்கிலேயரான ஸ்காட் ஆர்ச்சரின் இந்த முறை வெளியானது; கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தில்தான் தகடு தயாராகும். கண்ணாடியில் கொலோடியனை ஊற்றி நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில நிமிடம் முக்கி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். மொத்தம் 10 நிமிடம் கிடைத்தால் அதிகம். காய்ந்தால் தகடு வீண்.

வெளிச்சம் குறைந்தால் 10, 20 நொடிகூட அசையாமல் இருக்க வேண்டும். அவ்வளவு நேரம் புன்னகை நிற்காது, உதடு நடுங்கிக் கலங்கிவிடும். தலை ஆடாதிருக்கப் பின்னால் இரும்புக் கவட்டை வைப்பார்கள். நிற்பவரின் காலணிக்குப் பின்னால் உற்றுப் பாருங்கள், சில படங்களில் அந்தக் கவட்டையைத் தாங்கும் கம்பியின் அடிப்பாதம் எட்டிப்பார்க்கும்.

கண் வெளிறுவது வேறு கதை. கொலோடியன் நீலத்தையும் புற ஊதாவையும் மட்டுமே நன்றாகப் பிடிக்கும். அதனால் நீலக்கண் கிட்டத்தட்ட வெள்ளையாகும். சிவந்த கன்னமும் முகப்புள்ளிகளும் கறுத்து, இளைஞரைக்கூட வயதானவராகக் காட்டும்.