எட்டியோஸா, ஸ்விஃப்டா, பாட்டி ஓட்டிய ஐ10-ஆ?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். பைன்டவுனில் வேலை, மாதம் சுமார் 1,300 கிமீ ஓடும். வருடத்தில் இரண்டு மூன்று முறை ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வருவோம். மூன்று பழைய கார்கள் பார்த்து வைத்திருக்கிறோம். 2015 டொயோட்டா எட்டியோஸ் 1.5, 1,52,000 கிமீ, டீலரிடம். 2018 சுசுகி ஸ்விஃப்ட் 1.2 புது மாடல், மேனுவல் கியர், 88,000 கிமீ, இசிப்பிங்கோவில் ஒருவர் சொந்தமாக விற்கிறார். 2012 ஹூண்டாய் ஐ10 1.1, வெறும் 71,000 கிமீ, ஒரு பாட்டி ஓட்டியது. பெட்ரோல் குறைவாகக் குடிப்பது எது? துறைமுகத்தில் ஜப்பானிலிருந்து வரும் பழைய டொயோட்டா விட்ஸ் கார் மலிவாகக் கிடைக்கும் என்று மைத்துனர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: மைத்துனரின் யோசனையை முதலில் ஓரம் கட்டிவிடுவோம். டர்பன் துறைமுகத்தில் இறங்கும் ஜப்பான் பழைய கார்கள் ஜிம்பாப்வே, போட்ஸ்வானா போன்ற அண்டை நாடுகளுக்கு இந்த வழியாகப் போகிறவை. தென்னாப்பிரிக்காவில் சாதாரண ஆள் அதை வாங்கித் தன் பெயரில் பதிய முடியாது. பதிய முடியாத கார் எவ்வளவு மலிவாக இருந்தால் என்ன?

பெட்ரோல் கணக்குக்கு வருவோம். உங்கள் ஓட்டம் வருடத்துக்கு 15,600 கிமீ. ஒரு கார் 100 கிமீக்கு 5.5 லிட்டரும் இன்னொன்று 6.5 லிட்டரும் குடித்தால் வருடத்துக்கு 156 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 22 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 3,400 ராண்ட், அதாவது மாதம் முந்நூறுக்கும் கீழே. ஒரு கிளட்ச் வேலை வந்தால் அந்த வருட மிச்சம் போதாது. ஆகவே எது குறைவாகக் குடிக்கும் என்பதைவிட, எதற்குள் என்ன செலவு ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு.

காகிதத்தில் பார்த்தால் ஸ்விஃப்ட்தான் முன்னால் நிற்கிறது. எடை 900 கிலோவுக்கும் குறைவு, கம்பெனி சொல்லும் கணக்கு 100 கிமீக்கு 4.9 லிட்டர். தெருவில் அது கிடைக்காது. ரோபோவுக்கு ரோபோ (சிக்னலுக்குச் சிக்னல்) நின்று, ஏற்றம் ஏறி ஓடும் காரில் அரை லிட்டராவது கூடும். எட்டியோஸ் கொஞ்சம் அதிகம் குடிக்கும், ஆனால் 1.5 இன்ஜின், 66 கிலோவாட். நான்கு பேரும் பெட்டியுமாக, ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது அதன் அருமை தெரியும். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர். காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எந்த இன்ஜினும் அங்கே ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஐ10-இன் ஏறத்தாழ 50 கிலோவாட்டில் அது போனால் மிஞ்சுவது ஏறத்தாழ 40. ஓடும், ஆனால் லாரியை முந்த நினைக்காதீர்கள்.

பாட்டி ஓட்டிய காரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிமீ குறைவு என்பது தேய்மானம் குறைவு என்று அர்த்தமில்லை. கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் போய்வந்த காரில் இன்ஜின் ஆயில் முழுதாகச் சூடேறாது. அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கி, ஆயில் கசடாகிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். பால் நிறத்தில் படிவோ, தார் போன்ற கருப்போ இருந்தால் விலகுங்கள். இதைவிடப் பெரிய விஷயம் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பட்டை. ஐ10-இல் 1.2 இன்ஜினுக்குச் செயின், 1.1-க்கு ரப்பர் பெல்ட். ரப்பர் ஓடாமலே கிழடாகும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும், சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். 90,000 கிமீ அல்லது ஆறு வருடம், எது முதலில் வருகிறதோ அதற்குமேல் விடக்கூடாது என்பது எங்கள் கணக்கு. மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், ஐட்லர் உருளைகளின் செலவை விலையில் கழியுங்கள். வாட்டர் பம்பையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1217 என்றால் 2017-இன் 12-ஆவது வாரம் செய்தது. டயரின் பள்ளம் ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரோடு என்3-இல் ஏறாதீர்கள்.

ஸ்விஃப்டிலும் எட்டியோஸிலும் செயின்தான், பெல்ட் கவலை இல்லை. ஸ்விஃப்டில் எங்களுக்கு நெருடுவது இசிப்பிங்கோ என்ற ஊர்ப்பெயர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பக்கத்து ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலையே மூழ்கி மாதக்கணக்கில் நின்றது. காப்பீடு இல்லாத காரை வீட்டு வாசலிலேயே உலர்த்தி விற்றால் எந்தப் பதிவிலும் அது வராது. எனவே பதிவுச் சான்றிதழில் கோடு 2 (code 2), அதாவது பழைய வண்டி, என்று இருப்பது மட்டும் போதாது. (கோடு 3 என்றால் கழித்துக்கட்டியதைத் திரும்பக் கட்டியது. அது வேண்டவே வேண்டாம்.)

வெள்ளம் பார்த்த காரைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச்சும் அரை மணி நேரமும் போதும். நான்கு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள். கழுவுகிறவர்கள் மறந்துவிடும் அந்தக் கடைசி ஒரு அடியில் சேற்றுக்கோடு நிற்கும். கதவோரக் கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாருங்கள். மணல் உறுத்தினால் போதும். முன்சீட் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா? டர்பன் கடற்காற்றின் துரு வெளியே, டிக்கிக் கதவின் கீழ்விளிம்பிலும் சைலன்சரிலும் பிரேக் பைப்பிலும்தான் பிடிக்கும். காருக்கு உள்ளே துரு என்றால் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. ஸ்டெப்னி கிடக்கும் குழி, ஹெட்லைட்டின் உட்புறம், டேஷ்போர்டுக்கு அடியில் வயர் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சணம் போன்ற படிவு, இவற்றையும் விடாதீர்கள். அந்தப் பச்சை செம்பு அரிப்பு. நனைந்த அன்று ஒன்றும் தெரியாது, மாதங்கள் கழித்து ஒவ்வொரு சென்சாராகப் போகும். ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டி நடுவில் தரையோடு இருப்பதால் முதலில் நனைவது அதுதான். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கையே துண்டித்திருக்கலாம். காருக்குள் வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எட்டியோஸில் பார்க்க வேண்டியது கிளட்ச். 1,52,000 கிமீ ஓடியதில் முதல் கிளட்சே இருந்தால் ஆயுள் முடியப்போகிறது. பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில், நான்காம் கியரில் 60-இல் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். வேகம் கூடாமல் இன்ஜின் சத்தம் மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது. அதே ஏற்றத்தில் டெம்பரேச்சரும் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வட்டமடிக்கும்போது டக்-டக் சத்தம் வந்தால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் இணைப்பான சிவி ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

எந்தக் காரானாலும் போவதற்கு முன்பே பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் வரும் செயின் சத்தத்தை மறைக்க முன்கூட்டியே ஸ்டார்ட் செய்துவைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இஎல்எம் 327 என்ற மலிவான ப்ளூடூத் ஓபிடி கருவியைச் செருகி கைபேசியில் பாருங்கள். கோளாறு எதுவும் இல்லை என்று காட்டினாலும் ரெடினெஸ் பட்டியலில் (கார் தன்னைத் தானே சோதித்த பட்டியல்) எல்லாமே முடியவில்லை என்று இருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன் யாரோ கோளாறுப் பதிவை அழித்திருக்கிறார்கள். அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

வாங்கிய பின் மைலேஜை மீட்பது பெரும்பாலும் சில்லறை வேலைதான். அதே ஓபிடியில் ஹைவேயில் கூலன்ட் 85 முதல் 95 டிகிரி இருக்க வேண்டும். 70-ஐத் தாண்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டது. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். சின்ன பாகம்தான், ஆனால் இதைக் கவனிக்காமல் பெட்ரோலைப் பழிப்பவர்கள் அநேகம். லாங் டெர்ம் ஃப்யூல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், கூட்டல் 10-ஐத் தாண்டினால் எங்கோ காற்றுக் கசிவு இருக்கலாம், வெடித்த வேக்குவம் குழாயை முதலில் பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கை காட்டுங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் பேடைப் பிடிக்கும் கேலிபரின் ஊசி இறுகி பிரேக் உரசிக்கொண்டே ஓடுகிறது. கழற்றிச் சுத்தம் செய்து பிரேக் கிரீஸ் போட்டால் சரியாகும், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பழைய வண்டி என்று சில மெக்கானிக்குகள் 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றுவார்கள், விடாதீர்கள். இந்த இன்ஜின்களுக்கு அது கெட்டி. கையேடு சொல்லும் மெல்லிய ரகம்தான், வழக்கமாக 5டபிள்யூ-30. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி டயர் காற்று. கையேட்டில் 93 ஆக்டேன் பெட்ரோல் போதும் என்றிருந்தால் 95 போட்டாலும் மைலேஜ் கூடாது.

எங்கள் வரிசை: வெள்ளச் சோதனையில் தேறினால் ஸ்விஃப்ட். சந்தேகம் துளி இருந்தாலும் எட்டியோஸ், கிளட்சுக்கு விலை குறைத்து. ஐ10 கடைசி. எட்டியோஸுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கும்போதே இருந்த குறை ஆறு மாதத்துக்குள் வெளிப்பட்டால் பழுதுபார்க்கவோ மாற்றவோ பணத்தைத் திரும்பக் கேட்கவோ உரிமை இருக்கிறது. தனியாளிடம் வாங்குவது ஃபுட்ஸ்டூட்ஸ், இருக்கிறபடியே. அதனால் ஸ்விஃப்டுக்கு டெக்ரா, ஏஏ போன்ற வாகனச் சோதனை நிலையம் ஒன்றில் காசு கொடுத்து முழுச் சோதனை செய்துவிடுங்கள். ரோடுவொர்த்தி சான்றிதழ் இதற்கு ஈடாகாது. அது பிரேக், விளக்கு, டயர் போன்றவற்றைத்தான் பார்க்கும். இன்ஜினின் ஆயுளைச் சொல்லாது.

பணம் கைமாறும் முன் பதிவுச் சான்றிதழில் டைட்டில் ஹோல்டர் (சட்டப்படி உரிமையுள்ளவர்) யார் என்று பாருங்கள். அங்கே வங்கியின் பெயர் இருந்தால் கடன் தீரவில்லை. வங்கியிடமே மிச்சத் தொகையைக் கேட்டு நேராக அங்கே கட்டி, மீதியை மட்டும் விற்பவருக்குக் கொடுங்கள். லைசன்ஸ் டிஸ்க்கில் உள்ள சேசிஸ் எண்ணும் காரில் பொறித்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். வாங்கிய 21 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.