பாதுகாப்பு விசாரணையில் எழுதிக் கொடுத்ததை வைத்து வேலையைப் பறிக்கலாமா?

கேள்வி: தனியார் விமான நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாகக் கேபின் க்ரூவாக இருக்கிறேன். ஏ320 விமானம் சென்னையில் வந்து நின்றபின் கதவைத் திறந்தபோது அவசரகாலச் சறுக்கு (ஆபத்தில் பயணிகள் வழுக்கி இறங்கும் காற்றடைத்த பாதை) விரிந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஃப்ளைட் சேஃப்டி பிரிவு கேட்டபோது, 'டிஸ்ஆர்ம் செய்ய (கதவைத் திறக்குமுன் சறுக்கு தானாக விரியாதபடி நிறுத்திவைக்க) மறந்துவிட்டேன்' என்று அன்றே எழுதிக் கொடுத்தேன். இப்போது என்னை ரோஸ்டரிலிருந்து (பணி அட்டவணையிலிருந்து) எடுத்துவிட்டார்கள். நான் எழுதியதையே காட்டி, மூன்று நாளில் விளக்கம் கேட்டு ஹெச்.ஆர். நோட்டீஸ் வந்திருக்கிறது. சறுக்கின் செலவைச் சம்பளத்தில் பிடிப்பார்களாம். ராஜினாமா செய்தால் விட்டுவிடுவோம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில், ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பணிநீக்கத்தை எதிர்த்து வழக்காடும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும்.

பாதுகாப்பு விசாரணை வேறு, ஒழுங்கு நடவடிக்கை வேறு. விபத்து, சம்பவ விசாரணைகளுக்கான 2017ஆம் ஆண்டு விதிகள், விசாரணையின் ஒரே நோக்கம் மறுபடி அப்படி நிகழாமல் தடுப்பதுதான், யார்மீதும் பழி சுமத்துவதல்ல என்கின்றன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 19ஆம் இணைப்பும், பாதுகாப்புக்காகத் திரட்டிய தகவலைத் தண்டிக்கப் பயன்படுத்துவதற்கு வரம்பு வைக்கிறது. ஆனால் இவை முழுக் கவசம் அல்ல; வேண்டுமென்றே செய்த செயலுக்கும் படுமோசமான அலட்சியத்துக்கும் விலக்கு உண்டு. உங்களுக்கு அதைவிட வலுவான ஆயுதம் நிறுவனத்தின் சேஃப்டி மேனுவலில் இருக்கும் 'ஜஸ்ட் கல்ச்சர்' கொள்கை. நேர்மையாகச் சொன்ன தவறுக்குத் தண்டனை இல்லை என்று நிறுவனமே தந்த வாக்குறுதி அது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து வையுங்கள்.

மூன்று நாளுக்குள் சுருக்கமாக ஒரு பதில் மின்னஞ்சலில் போகட்டும்: கூடுதல் அவகாசமும் ஆவணங்களும் கேளுங்கள். முந்தைய வாக்குமூலத்துக்கு முரணாக எதையும் எழுதக்கூடாது. வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் கெட்டுப்போகின்றன. கேட்க வேண்டியவை: சம்பவத்துக்கு முந்தைய ஏழு நாள் பணிநேரப் பதிவு, உங்கள் பயிற்சிப் பதிவு, கேபின் டிஃபெக்ட் லாக் (பழுதுப் பதிவேடு), க்ராஸ்செக் (ஒருவர் கதவை மற்றவர் சரிபார்ப்பது) செய்த சக ஊழியரின் வாக்குமூலம், ஏரோபிரிட்ஜ் (விமானத்தோடு இணையும் நடைபாலம்) சிசிடிவி பதிவு. இவை ஏன் முக்கியம்? ஏ320இல் வெளியிலிருந்து கதவைத் திறந்தால் சறுக்கு தானாகவே டிஸ்ஆர்ம் ஆகிவிடும். ஆர்ம் நிலையில் (விரியத் தயாராக இருக்கும்போது) உள்ளிருந்து கைப்பிடியை முழுதாகத் தூக்கினால்தான் விரியும். கைப்பிடியைச் சற்றுத் தூக்கியதும் 'ஸ்லைடு ஆர்ம்டு' விளக்கு எரிய வேண்டும். விளக்கு எரிந்ததா, க்ராஸ்செக் நடந்ததா, டிஸ்ஆர்ம் அறிவிப்பு எப்போது வந்தது என்பதெல்லாம் தெரியாமல் தவறை ஒருவர் தலையில் மட்டும் கட்ட முடியாது.

மறதி தானாகவே ஒழுங்கீனம் ஆகிவிடாது. ஜே. அகமது வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம், விளைவு மிகக் கடுமையாக இருந்தாலொழிய சாதாரணக் கவனக்குறைவை ஒழுங்கீனமாகக் கருத முடியாது என்றது. பயணிகள் யாருக்கும் காயமில்லை என்பதைப் பதிலில் குறிப்பிடுங்கள்.

செலவைப் பிடிக்கும் மிரட்டலுக்கும் சட்ட அடிப்படை பலவீனம். ஊதியச் சட்டத்தின்படி, பாதுகாத்து வைக்கும்படி ஊழியரிடம் வெளிப்படையாக ஒப்படைத்த பொருள் அவரது கவனக்குறைவால் சேதமானால்தான் பிடித்தம் செய்யலாம். அதற்கும் முன்னதாக விளக்கம் கேட்க வேண்டும். விமானத்தின் சறுக்கு அப்படி ஒப்படைத்த பொருள் ஆகாது என்று உறுதியாக வாதிடலாம்.

ரோஸ்டரிலிருந்து எடுத்தது சஸ்பென்ஷனா, எந்த விதியின்கீழ், பறத்தல் படி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லில் விட்டால் அடிப்படைச் சம்பளத்தோடு மாதக்கணக்கில் நிறுத்திவைப்பார்கள். சஸ்பென்ஷன் என்றால் முதல் 90 நாளுக்குப் பாதி ஊதியம் பிழைப்பூதியமாக வர வேண்டும். தாமதத்துக்கு நீங்கள் காரணமில்லை என்றால் அதன்பின் 75 சதவீதம்.

விசாரணை நடந்தால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. தண்டனைக்கு முன் விசாரணை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பணிநீக்கமே வந்துவிட்டால் மாநிலத் தொழிலாளர் அலுவலகம் செல்ல வேண்டாம். விமானப் போக்குவரத்தில் தொழில் தகராறுகளுக்கு மத்திய அரசே உரிய அரசு. சென்னையிலுள்ள மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் சமரச மனு கொடுங்கள். 45 நாளில் முடியாவிட்டால் நேரடியாகத் தொழில் தீர்ப்பாயம் போகலாம்.