அடுப்பெரிந்தால்தான் குகை வீடு நிற்கும்

கேள்வி: சீனாவில் ஆளில்லாமல் கிடந்த குகை வீடுகளைச் சீர்செய்து சுற்றுலாப் பயணிகளைத் தங்க வைக்கிறார்களாமே? பழமையைக் காக்க இது சரியான வழியா? தங்குவது பாதுகாப்பா?

பதில்: வீட்டுக்காரர்களும் அங்கேயே வசித்தால் சரியான வழிதான். மண் வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வட சீனாவின் 'யாவ்தோங்' வீடுகள், காற்று கொண்டுவந்து குவித்த மஞ்சள் மண்ணில் குடைந்தவை. காய்ந்திருக்கும்வரை அந்த மண் செங்குத்தாக நிற்கும்; நனைந்தால் சரிந்துவிடும். ஈரத்தை விரட்டுவது அடுப்புதான். சமையல் புகை 'காங்' என்கிற மண் மேடைப் படுக்கைக்கு அடியில் புகுந்து போய்த்தான் புகைபோக்கியில் ஏறும். படுக்கையும் சூடாகும், அறையும் உலரும். பிள்ளைகள் நகரத்துக்குப் போய், பெரியவர்களும் காலமான பிறகு அடுப்பு அணைகிறது. வீடும் மெல்ல இடியத் தொடங்குகிறது.

ஹெனான் மாகாணத்தின் சான்மென்சியா பக்கம் சமதரையில் ஆறேழு மீட்டர் ஆழத்துக்குச் சதுரப் பள்ளம் தோண்டி, நாலு பக்கமும் அறை குடைந்திருக்கிறார்கள். மேலே நடப்பவருக்கு முற்றத்து மரத்தின் உச்சிதான் தெரியும். மழை ஓய்ந்ததும் கல் உருளையை உருட்டி மேல்மண்ணை இறுக்குவார்கள். செடி முளைத்தால் பிடுங்கிவிடுவார்கள், வேர் வழியே தண்ணீர் இறங்கும் என்று. இந்தப் பராமரிப்பெல்லாம் அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் கைப்பழக்கம். அவர்களை வெளியேற்றிவிட்டு ஒரு நிறுவனம் விடுதி நடத்தினால் யார் உருளையை உருட்டுவது?

இத்தாலியின் மட்டேராவைப் பாருங்கள். 1952-இல் சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரைக் குகைகளிலிருந்து வெளியேற்றினார்கள். வறுமையும் நோயும் அப்படி; அதைக் குறை சொல்ல மாட்டேன். 1986-இல் சீரமைப்புக்குத் தனிச் சட்டம் வந்தது, 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இன்று அழகான விடுதிகள் நிறைய. பழைய குடும்பங்களோ பெரும்பாலும் திரும்பவில்லை.

சீரமைக்கும்போது உள்ளே சிமென்ட் பூசவே கூடாது. அது ஈரத்தை மண்ணுக்குள் அடைத்துவிடும். வைக்கோல் கலந்த மண்பூச்சே போதும். குளியலறையைக் குகைக்கு வெளியே முற்றத்தில் கட்டலாம். ஒரு குழாய்க் கசிவு போதும், சுவர் போய்விடும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டது நல்லது. வட சீனாவில் 1556-இல் வந்த நிலநடுக்கத்தில் எட்டு லட்சம் பேருக்கும் மேல் இறந்ததாகப் பதிவு. அவர்களில் ஏராளமானோர் இத்தகைய குகைகளில் இருந்தவர்கள். ஆகவே குகைக் கூரையின் வளைவில் விரிசல் உள்ளதா, பொறியாளர் சோதித்தாரா என்று கேட்ட பிறகே முன்பதிவு செய்யுங்கள். அப்புறம், அந்தக் குடும்பம் அதே முற்றத்தில் வசிக்கிறதா என்றும் கேளுங்கள்.