எந்த டிஎல்சி முதலில்?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஊர் அம்பாசமுத்திரம். கல்லூரியில் இரண்டாம் வருடம். தள்ளுபடியில் 'பேட்டில்டெக்' என்ற கணினி விளையாட்டை வாங்கி, அரியணை இழந்த கமியா அரானோவின் கதையில் பாதி தாண்டிவிட்டேன். ஃப்ளாஷ்பாயிண்ட், அர்பன் வார்ஃபேர், ஹெவி மெட்டல் என மூன்று டிஎல்சி (விளையாட்டோடு தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்கும் கூடுதல் பகுதி) இருக்கிறது. கையில் ஒன்றுக்குத்தான் காசு. ஹெவி மெட்டலில் எட்டு புது மெக் (ஆள் உள்ளே இருந்து ஓட்டும் ராட்சத போர் இயந்திரம்) வருகிறதே, அதையே வாங்கிவிடலாமா?

அன்புள்ள தம்பி,

ஃப்ளாஷ்பாயிண்ட் வாங்குங்கள். ஆனால் இப்போது வேண்டாம், கையிலிருக்கும் கதையை முடித்துவிட்டு வாங்கினால் போதும்.

எட்டு மெக் என்றதும் மனம் போவது இயல்புதான். ஆனால் களத்தில் இறங்குவது நாலு மெக் மட்டும். இருக்கிற பீரங்கியையெல்லாம் ஒரே நேரத்தில் சுட்டால் சூடு ஏறி மெக் அப்படியே நின்றுவிடும். அதை ஆற்றுத் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்தினால் சூடு சீக்கிரம் இறங்கும். சித்திரை வெயிலில் குறுக்குத்துறையில் இறங்கி நின்றவர்களுக்கு அந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டாம். எதைச் சுடுவது, எதை அடக்குவது, யாரைப் பின்னால் நிறுத்துவது என்ற இந்த யோசனைக்காகத்தான் நான் இதைத் திரும்பத் திரும்ப விளையாடுகிறேன்.

2018 நவம்பரில் வந்த ஃப்ளாஷ்பாயிண்ட் அந்த யோசனையை இன்னும் இறுக்குகிறது. எல்லாம் குட்டிக் கதைகள். நாம் எடுக்கும் முடிவைப் பொறுத்துக் கதை திரும்பும். சிலவற்றில் ஒரு சண்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே பழுதுபார்க்க நேரமே கிடையாது, கை போன மெக்கோடுதான் அடுத்த களம். கோடாரி ஏந்திய ஹேட்செட்மேன் என்ற மெக்கும் இதில்தான் வருகிறது.

அடுத்து அர்பன் வார்ஃபேர். எதிரி மாடியில் நின்றால் கட்டடத்தைச் சுட்டுச் சாய்க்கலாம், அவனும் சேர்ந்து விழுவான். நகர வரைபடங்கள் கணினிக்குக் கொஞ்சம் பாரம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹெவி மெட்டல் கடைசியாக இருக்கட்டும். 100 டன் அனைஹிலேட்டர் எனக்கும் பிடிக்கும். ஆனால் வாங்கிய அன்றே எட்டும் கைக்கு வந்துவிடாது. உதிரிகளைச் சண்டைக்குச் சண்டை பொறுக்கித்தான் சேர்க்க வேண்டும். அதோடு வந்த அப்டேட்டில் மரோடர், வார்ஹாமர் என்ற இரண்டு மெக்கும் எல்லாருக்கும் இலவசம். முதலில் அவற்றைத் தேடிப் பிடியுங்கள்.

மூன்றில் எதற்கும் மற்றொன்று தேவையில்லை, தனித்தனியாகவே ஓடும். அதனால் மொத்தமாக வாங்க அவசரப்படாதீர்கள்.

கதையை முடித்ததும் எழுதுங்கள். கடைசிச் சண்டைக்கு எந்த நாலு மெக்கைக் கூட்டிப்போனீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
அண்ணாச்சி
பாளையங்கோட்டை