பட்டன் போட்டுவிடுகிற பெண்ணுக்கு என்ன தெரியாது?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். இருவருமே அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். கணவருக்கு 47 வயது. பதினேழு வருடமாக இங்கே சாஃப்ட்வேர் வேலை. எட்டு மாதத்துக்கு முன்பு அவருக்கு ஏ.எல்.எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்லச் செயலிழக்கும் நோய்) என்று நரம்பியல் டாக்டர் உறுதி செய்தார். ஐந்து மாதமாகச் சம்பளமில்லாத லீவில் இருக்கிறார். கடுமையான நோய் உள்ளவர்களுக்கு அரசாங்கம் ஊனமுற்றோர் தொகையைச் சீக்கிரமாகக் கொடுக்கும் 'கம்பாஷனேட் அலவன்சஸ்' என்று ஒரு வழி இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இவரோ, "கருணைக் காசு எனக்கு வேண்டாம்" என்கிறார். திருச்சியில் இருக்கும் இவருடைய அண்ணனும், "கவர்மென்ட்டிடம் போய்க் கையேந்தாதே, நான் அனுப்புகிறேன்" என்கிறார். மகளுக்கு 14 வயது. அவளிடம் நரம்புத் தளர்ச்சி என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். பாவம், ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அப்பாவுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடுவதே அவள்தான். விஷயம் வெளியே தெரிந்தால் நாளை அவள் கல்யாணத்துக்கு இடைஞ்சலாகுமோ என்றும் பயமாக இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் இந்தத் தொகையை வாங்க முடியுமா? வாங்குவது சரியா?
– பெயர் வேண்டாம், நியூஜெர்சி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதப்போவதில்லை. இந்த நோய் எப்படிப் போகும் என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருப்பார். நான் கேட்க வேண்டியது வேறு.

அந்தப் பட்டன். 'பாவம்' என்று ஒரு சொல்லைப் போட்டு அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பதினாலு வயசுப் பெண் தினமும் காலையில் அப்பாவின் கழுத்துக்குக் கீழே நின்று நாலைந்து பட்டன் போடுகிறாள். போன மாதம் மேல் பட்டனை மட்டும் விட்டுவிட்டிருப்பார், இந்த மாதம் எல்லாமே அவள் கையில். அவர் தோள் இளைப்பது அவளுக்குத்தான் முதலில் தெரிகிறது, உங்களுக்குக்கூட இல்லை. அவளிடம் போனும் இருக்கிறது. கை சூம்புகிற நோய் எது என்று தேடிப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். அவளுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தெரிந்துகொண்டு, உங்களுக்காகத் தெரியாதவளாக இருக்கிறாள். நீங்கள் அவளைக் காப்பாற்றவில்லை அம்மா, அவள்தான் உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு இது புதிதல்ல. எங்கள் பெரியப்பாவுக்குப் புற்றுநோய் வந்தபோது வீட்டில் அதன் பெயர் 'வயித்துப் புண்'. அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கட்டிலுக்கு அடியில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை நான் எப்போதோ படித்துவிட்டேன். அதை ஒருத்தரிடமும் சொல்ல முடியாமல் சுமந்த அந்த ஐந்து மாதம், அவர் போன துக்கத்தைவிடக் கனமாக எனக்குள் இன்னும் கிடக்கிறது.

இனி பணத்துக்கு வருகிறேன். அதுவும் இதோடு ஒட்டின விஷயம்தான்.

முதலில் உங்கள் கணவரின் ரோஷம். இந்தத் திட்டத்துக்குக் கருணை என்று பெயர் வைத்தவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. மானமுள்ள எவரையும் அந்தப் பெயரே விரட்டிவிடும். அவருடைய பழைய சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்து முன்னால் வையுங்கள். சோஷியல் செக்யூரிட்டி என்று, அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்காக, சம்பளத்தில் 6.2 சதவீதம் பிடித்திருப்பார்கள், கம்பெனியும் அதே அளவு கட்டியிருக்கும். அதில் ஒரு பங்கு ஊனம் வந்தால் கொடுப்பதற்கென்றே தனி நிதியில் சேர்கிறது. பதினேழு வருடம் பிரீமியம் கட்டிவிட்டு, வண்டி மோதின பிறகு இன்ஷூரன்ஸ் வாங்குவது கேவலம் என்று யாராவது சொல்வார்களா? அங்கே கருணை என்பது வேகத்தில் மட்டும்தான். பணம் அவருடையது. உங்கள் சம்பளத்தையோ சேமிப்பையோ பார்த்து இதை மறுக்க மாட்டார்கள். அப்படிக் கணக்குப் பார்ப்பது எஸ்.எஸ்.ஐ என்கிற வேறு திட்டம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்த வேக வழி 2008 அக்டோபரில் 50 நோய்களோடு தொடங்கியது. இன்று பட்டியலில் 300 இருக்கின்றன. ஏ.எல்.எஸ் முதல் பட்டியலிலேயே இருந்த நோய். சாதாரண விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடக்கும். இது வாரக்கணக்கில் முடியலாம். இதற்கென்று தனி விண்ணப்பமோ தனி வரிசையோ கிடையாது. எல்லோரும் நிரப்புகிற அதே ஊனமுற்றோர் விண்ணப்பம்தான். அதில் நோய் என்ன என்று கேட்கிற இடத்தில் நீங்கள் எழுதுகிற பெயரை வைத்துத்தான் அவர்களுடைய கணினி உங்கள் ஃபைலைத் தனியே எடுத்து வைக்கிறது.

புரிகிறதா? வீட்டில் சொல்கிற மாதிரி 'நரம்புத் தளர்ச்சி, கையில் பலமில்லை' என்று அங்கேயும் நாசூக்காக எழுதினீர்கள் என்றால், ஆயிரம் முதுகுவலிகளோடு சேர்ந்து அதுவும் வரிசையில் நிற்கும். ஏ.எல்.எஸ் என்று எழுதுங்கள். அமையோட்ரோஃபிக் லேட்டரல் ஸ்க்லெரோசிஸ் என்று முழுப் பெயரையும் எழுதுங்கள், லூ கேரிக் நோய் என்றும் பக்கத்தில் போடுங்கள். நரம்பியல் டாக்டரின் குறிப்பும் தசையின் மின் இயக்கத்தைப் பார்க்கிற ஈ.எம்.ஜி பரிசோதனை முடிவும் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. இந்த வேக வழியில் தேறுகிற மற்ற நோயாளிகளுக்கு, முடிவு சீக்கிரம் வந்தாலும், பணம் தொடங்க முழுதாக ஐந்து மாதமும், மெடிகேர் என்கிற அரசு மருத்துவ இன்ஷூரன்ஸ் கிடைக்க அதற்குப் பிறகு 24 மாதமும் காத்திருப்பு உண்டு. புற்றுநோய்க் குடும்பங்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். ஏ.எல்.எஸ்-க்கு மட்டும் இரண்டும் இல்லை. மெடிகேர் காத்திருப்பை 2001லேயே எடுத்துவிட்டார்கள். ஐந்து மாதத்தை 2020 டிசம்பரில் சட்டம் போட்டு நீக்கினார்கள். அந்தச் சலுகை சும்மா வரவில்லை. இந்த நோயாளிகளுக்குக் காத்திருக்க நேரம் இல்லை என்று அவர்களுடைய குடும்பங்கள் பல வருடம் வாஷிங்டனில் போய் நின்று வாங்கினது. அதை நீங்கள் கூச்சத்தில் விட்டுவிடப் பார்க்கிறீர்கள்.

விண்ணப்பித்த நாளுக்கு முன்னால் 12 மாதம் வரைக்கும்தான் பின்தேதியிட்டுக் கொடுப்பார்கள். அவர் வேலையை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிவிட்டது. இன்னும் ஏழு மாதம் தள்ளிப்போட்டால், அதற்கப்புறம் போகிற ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதத் தொகை கைவிட்டுப் போகும். சம்பளமில்லாத லீவு என்கிறீர்களே, நியூஜெர்சி மாநிலத்தின் தற்காலிக ஊன இன்ஷூரன்சுக்கு விண்ணப்பித்தீர்களா? 26 வாரம் வரை தருவார்கள். 30 நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும், ஆனாலும் தாமதத்துக்குக் காரணம் எழுதிப் போட்டுப் பாருங்கள். கம்பெனியில் நீண்டகால ஊன இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று எச்.ஆர்-இடம் கேளுங்கள். இதையெல்லாம் அவர் கை பேனா பிடிக்கிற காலத்திலேயே, வாய் குழறாத காலத்திலேயே முடித்துவிடுங்கள். மருத்துவக் குறிப்புகளைக் கொடுக்கச் சொல்லும் ஒப்புதலில் அவர் கையெழுத்து வேண்டும்.

யாருக்கும் தெரியாமல் வாங்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் நம்மவர்கள் நிறைந்த எடிசன் ஊர்க் கடைத்தெருவில் தண்டோரா போடாது. ஆனால் இதையும் கேளுங்கள்: அப்பாவுக்கு இந்தத் தொகை கிடைத்தால் 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கும் தனியாக ஒரு தொகை உண்டு. குடும்பத்துக்கு மொத்தமாக ஒரு வரம்பு இருக்கிறது, அதற்குள் அப்பாவின் தொகையில் பாதி வரை. பணம் உங்கள் பொறுப்பில் வரும், ஆனால் அது அவள் பேரில் வருகிற காசு, அவளுக்காகச் செலவழிக்க வேண்டிய காசு. எதற்கு வருகிறது என்று சொல்லாமல் அதையும் மறைப்பீர்களா?

கல்யாணமாம். அவள் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டட்டும் அம்மா. இந்த நோய் பரம்பரையாக வருவது பத்தில் ஒருவருக்குத்தான். சந்தேகம் இருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அப்பாவின் நோய்க்காக அவளை வேண்டாம் என்கிற வீட்டில் அவள் வாழ்க்கைப்படாமல் இருப்பதே மேல்.

மூத்தார் விஷயம் பாக்கி இருக்கிறது. பணம் அனுப்புகிறேன் என்பது நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு தம்பியின் உரிமையை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு என்ன பாத்தியதை? அவருக்கு போன் போட்டு நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: தம்பிக்கு இப்போது பணத்தைவிட ஆள் வேண்டும். விசா எடுத்துக்கொண்டு வந்து ஆறு வாரம் இருக்கட்டும். குளிக்க வைக்கட்டும், நாற்காலியிலிருந்து தூக்கி விடட்டும், நீங்கள் ஒரு ராத்திரியாவது முழுசாகத் தூங்க வழி செய்யட்டும். அண்ணன் என்றால் அதுதான். பதினாலு வயசுப் பெண் செய்கிற வேலையைப் பெரியப்பா செய்யக் கூடாதா?

வருகிற சனிக்கிழமை மூன்று பேரும் உட்காருங்கள். சொல்ல வேண்டியவர் அவர். அவருக்குத் தொண்டை அடைத்தால் நீங்கள் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். அவள் அழுதால் அழட்டும், "எனக்குத் தெரியும்" என்றாள் என்றால் நீங்கள் அழுங்கள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.

அதற்கப்புறம் சில பேருக்கு அன்றாட வாழ்க்கை பற்றி ஒரு படிவம் வரும். உடை உடுத்துவது, குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் நோயால் எப்படி மாறியிருக்கிறது என்று அதில் கேட்பார்கள். ஏ.எல்.எஸ்-க்கு அது தேவைப்படாமலே முடிவு வந்துவிடலாம். வந்தால், உடை உடுத்துவது பற்றிய அந்த இடத்தை மட்டும் அவள் கையெழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.