பச்சிளங்குழந்தை கோடிங்: காமாலை சார்ட்டில் வரும் சந்தேகங்கள்

அமெரிக்க சார்ட்டுகளில் (நோயாளியின் மருத்துவப் பதிவுகள்) உள்ளதை பில்லுக்கான கோடுகளாக மாற்றும் கோடர்களின் கேள்விகள் இவை. பதில்கள் ஐசிடி-10-சிஎம் (நோயறிதல் கோடுகள்), சிபிடி (டாக்டர் சேவைக் கோடுகள்) விதிகளின்படி. முன்னது அக்டோபர் 1-லும் பின்னது ஜனவரி 1-லும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால், சிகிச்சை நடந்த தேதிக்கு உரிய பதிப்பைப் பாருங்கள்.

கேள்வி: சுகப்பிரசவம், இரண்டாம் நாள். குறிப்பில் "பிலிருபின் 11, நாளை மறுபடி பார்க்கவும்" என்று மட்டும் இருக்கிறது. பி59.9 (P59.9, காரணம் குறிப்பிடாத காமாலை) போடலாமா?

இப்போதைக்கு இசட்38.00 (மருத்துவமனையில் சுகப்பிரசவத்தில் பிறந்த ஒற்றைக் குழந்தை) மட்டும்தான். 11 என்பது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளின் அளவைக் காட்டும் ஒரு பரிசோதனை முடிவு, நோயறிதல் அல்ல. எண்ணைப் பார்த்து கோடர் நோயை முடிவு செய்யக் கூடாது. "நாளை மறுபடி பார்க்கவும்" என்று எழுதியிருப்பதால் டாக்டர் அதைப் பொருட்படுத்தியிருக்கிறார் என்பது தெரிகிறது. குவெரி (டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது) அனுப்ப அந்தக் காரணம் போதும். "இது காமாலைதானே?" என்ற தொனியில் கேட்காதீர்கள். எண்ணையும் உத்தரவையும் எடுத்துக்காட்டி, பல விருப்பங்களோடு "வேறு", "தீர்மானிக்க இயலாது" என்பவற்றையும் வைத்துக் கேளுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. உடல் பரிசோதனைப் பகுதியில் "லேசான மஞ்சள்" என்றிருக்கும், பிறகு யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அதைக் கோட் செய்ய வேண்டாம். மதிப்பீடு, சிகிச்சை, பரிசோதனை, நீண்ட மருத்துவமனைவாசம், கூடுதல் செவிலியர் கவனிப்பு, எதிர்கால மருத்துவத் தேவை ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் பச்சிளங்குழந்தையின் ஒரு நிலை கணக்கில் சேரும். "இயல்பான காமாலை" என்று டாக்டர் எழுதி மறு பரிசோதனையும் செய்திருந்தால் பி59.9 தாராளமாக வரும்.

கேள்வி: காமாலை என்றாலே எங்கள் குழுவில் பி59.9 போட்டுவிடுகிறார்கள். எப்போது அது தவறு?

காரணம் சார்ட்டில் இருக்கும்போதெல்லாம் தவறு. பி59.9 என்பது காரணம் குறிப்பிடாத காமாலை. கோடைத் தேடுவதற்கு முன், சிவப்பணுக்கள் அதிகமாகச் சிதைவதால் வந்ததா, வேறு வழியில் வந்ததா என்று பாருங்கள்.

தாய்க்கும் குழந்தைக்கும் ரத்த வகை ஒவ்வாமல் வந்ததென்று டாக்டர் சொன்னால் பி55 வகை: ஆர்எச் என்றால் பி55.0, ஏபிஓ என்றால் பி55.1. அதன் பக்கத்தில் பி58, பி59 எதையும் ஒட்டவைக்காதீர்கள். ஐசோஇம்யூனைசேஷன் (இந்த ரத்த வகை ஒவ்வாமை) காமாலையை பி58-இன் எக்ஸ்க்ளூட்ஸ்1 (சேர்த்துப் போடக் கூடாதவை) குறிப்பே விலக்குகிறது. காரணம் தெரிந்துவிட்ட பிறகு "காரணம் குறிப்பிடாத" பி59.9-க்கும் அங்கே வேலையில்லை. தாய் ஓ, குழந்தை ஏ, கூம்ப்ஸ் (சிவப்பணுக்களில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை) பாசிட்டிவ் என்று ஆய்வகத் தாள் சொன்னாலும் பி55.1 தானாக வந்துவிடாது. பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். அந்த முடிவை எழுத வேண்டியவர் டாக்டர்.

பிரசவத்தில் தலையில் ரத்தக்கட்டு உண்டாகி, அது கரைவதால் காமாலை என்றால் பி58.0, கூடவே ரத்தக்கட்டுக்கு பி12.0. தொற்றால் என்றால் பி58.2, ரத்தச் செறிவு மிகுதியால் என்றால் பி58.3. குறைப்பிரசவக் காமாலை பி59.0. இதோடு பி07 வகைக் கோடுகளையும் (குறைந்த எடை, குறைப்பிரசவம்) மறக்காதீர்கள். எடை 2,300 கிராம், முடிந்த வாரம் 35 என்றால் பி07.18 முதலில், பி07.38 அடுத்தது. எடைதான் வாரத்துக்கு முன்னால் வரும்.

தாய்ப்பால் தொடர்பானவற்றில் இரண்டு நிலைகள் குழம்பிக் கிடக்கின்றன. பி59.3 தாய்ப்பாலில் உள்ள தடுப்புப் பொருளால் வரும் காமாலைக்கு உரியது. நன்றாகப் பால் குடித்து, எடையும் கூடும் குழந்தையிடம் அது வாரக்கணக்கில் நீடிக்கும். முதல் சில நாட்களில் பால் போதாமல் வருவது வேறு. டாக்டர் அப்படிக் காரணம் சொல்லியிருந்தால் பி59.8, கூடவே பால் குடிப்பதில் சிரமத்துக்கு பி92.5, நீரிழப்பு எழுதப்பட்டிருந்தால் பி74.1. "தாய்ப்பால் காமாலை" என்று மொட்டையாக இருந்து, மூன்றாம் நாளே எடை பத்து சதவீதம் இறங்கியிருந்தால் குவெரி அனுப்புங்கள்.

பச்சிளங்குழந்தைக் காமாலைக்கு ஆர்17 (பொதுவான காமாலைக் கோட்) ஒருபோதும் கூடாது. அதன் எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பில் இது நேரடியாகவே இருக்கிறது.

கேள்வி: வீட்டுக்குப் போன குழந்தை ஐந்தாம் நாள் ஒளி சிகிச்சைக்காக மறுபடி சேர்க்கப்பட்டது. இசட்38 முதலில் வர வேண்டுமா?

வரவே கூடாது. இசட்38 பிறந்த சேர்க்கையின் பதிவில் ஒரே ஒரு முறை வரும். மறுசேர்க்கையிலும், வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டால் வாங்கிக்கொள்ளும் இடத்திலும் அது கிடையாது. இங்கே காமாலைக் கோடே முதன்மை நோயறிதல். மருத்துவமனைப் பதிவில் ஒளி சிகிச்சைக்கு பிசிஎஸ் (மருத்துவமனைச் சிகிச்சைமுறை) கோட் உண்டு: ஒருமுறை என்றால் 6ஏ600இசட்இசட், பலமுறை என்றால் 6ஏ601இசட்இசட். விளக்கு எப்போது போடப்பட்டது, எப்போது நிறுத்தப்பட்டது, மறுபடி தொடங்கியதா என்பதைச் செவிலியர் குறிப்பில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: டாக்டரின் பில்லில் ஒளி சிகிச்சைக்கு 96900 போடலாமா? அந்த நாட்களுக்கு 99462 சரியா?

இரண்டுமே சரியில்லை. 96900 புற ஊதாக் கதிர் சிகிச்சைக்கானது. காமாலை விளக்கு தருவது சுமார் 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி. அதற்கு டாக்டருக்கென்று தனி சிபிடி கோட் இல்லை. அவருடைய உழைப்பு அன்றைய பார்வைக் கோடிலேயே அடங்கிவிடுகிறது.

நலமாக இருக்கும் குழந்தைக்கு முதல் நாள் 99460, அடுத்த ஒவ்வொரு நாளும் 99462, வேறொரு நாளில் வீடு திரும்பினால் 99238 அல்லது 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் 99239. ஒரே தேதியில் சேர்ந்து வீடு திரும்பினால் 99463 மட்டும். பிலிருபினைக் கண்காணித்து வருவதாலேயே குழந்தை "நலமில்லாதது" ஆகிவிடாது. ஒளி சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 99231 முதல் 99233 வரையிலான கோடுகளுக்கு (தொடர் மருத்துவமனைப் பார்வை) மாறுங்கள், நிலை மருத்துவ முடிவெடுப்பின் சிக்கலையோ அன்று செலவான மொத்த நேரத்தையோ பொறுத்தது. ஆனால் 99477-க்குத் தாவ வேண்டாம். அது தீவிரக் கண்காணிப்பும் அடிக்கடி தலையீடும் தேவைப்படும் குழந்தைக்கு. விளக்கின் கீழ் படுத்திருப்பது மட்டும் அதற்குப் போதாது. குழந்தையின் ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் செலுத்தும் பரிமாற்ற சிகிச்சை செய்திருந்தால் 36450 தனி.

கேள்வி: நான்காம் நாள் கிளினிக் பார்வை. வழக்கமான பரிசோதனையில் காமாலை தெரிந்தது. குழந்தை இங்கே முதல்முறை வருவதால் புதிய நோயாளிக்கான 99381தானே?

பிறந்த மருத்துவமனையில் குழந்தையைப் பார்த்தது யார் என்று முதலில் கேளுங்கள். அதே குழுவைச் சேர்ந்த, அதே துறை டாக்டர் அங்கே பார்த்திருந்தால் கிளினிக்குக்கு முதல்முறை வந்தாலும் குழந்தை பழைய நோயாளிதான்; கோட் 99391. மூன்றாண்டு விதி (மூன்றாண்டுக்குள் பார்த்திருந்தால் பழைய நோயாளி) இங்கேயும் பொருந்தும்.

நோயறிதலில், பிறந்து எட்டு நாளுக்குள் நடக்கும் வழக்கமான பரிசோதனை என்பதால் இசட்00.110, பிறகு பி59.9. காமாலைக்காகத் தனியாகக் கணிசமான மதிப்பீடு நடந்து, அது குறிப்பிலும் தெரிந்தால் 99212 அல்லது 99213-ஐ (கிளினிக் பார்வைக் கோடுகள்) மாடிஃபையர் 25 (அதே நாளில் தனியாக நடந்த மதிப்பீடு என்று காட்டும் குறி) உடன் சேர்க்கலாம். "மஞ்சள் இருக்கிறது, காத்திருந்து பார்ப்போம்" என்ற ஒற்றை வரி அதற்கு நிற்காது. தோல்மேல் கருவி வைத்து அளந்தால் 88720. குதிகாலில் ரத்தம் எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினால் கிளினிக்குக்கு 36416 மட்டும், 82247 (பிலிருபின் சோதனை) ஆய்வகத்தின் பில்லில் போகும். 36416-க்குத் தனியாகப் பணம் தராத காப்பீட்டு நிறுவனங்களும் உண்டு.

கேள்வி: ஐந்து வாரக் குழந்தை, இன்னும் பி59.3. வயது 28 நாளைத் தாண்டிவிட்டதே?

தாண்டினாலும் பரவாயில்லை. பிறப்பை ஒட்டிய காலத்தில் தொடங்கிய நிலை நீடிக்கும்வரை பி-அத்தியாயக் கோட் செல்லும், வயது தடையில்லை. 28 நாளுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய காமாலைக்குத்தான் வேறு அத்தியாயத்தில் தேட வேண்டும்.

கேள்வி: வீட்டில் ஒளி சிகிச்சை. இ0202, எஸ்9098 இரண்டையும் சேர்த்து அனுப்பினோம், திரும்பி வந்துவிட்டது.

எஸ்9098 ஒரு நாள் கட்டணம். கருவி வாடகை, செவிலியர் வருகை, ரத்தம் எடுப்பது, பொருட்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. இ0202 விளக்குக் கருவிக்கு மட்டும். இரண்டையும் போட்டால் கருவிக்கு இருமுறை கேட்டது போலாகும். எதை ஏற்பார்கள் என்பதை அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு, ஒன்றை நீக்கித் திருத்திய க்ளைம் அனுப்புங்கள்.